பழைய லினக்ஸில் மவுஸ் அசையாதபோது

தூத்துக்குடி போன்ற ஒரு துறைமுகப் பட்டினத்தில் பழைய கணினிகளுக்குக் குறைவிராது. கடற்கரைச் சாலையை ஒட்டிய கப்பல் முகவர்களின் காரியாலயங்களிலும், உப்பளங்களின் கணக்கறைகளிலும், பள்ளிக்கூடங்களின் பூட்டிக் கிடக்கும் ஆய்வகங்களிலும், ஒரு காலத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்டு, பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளின் பாரத்தைச் சுமக்க மாட்டாமல் ஒதுக்கப்பட்டு, ஆயினும் மின்சாரம் கொடுத்தால் இன்றும் தளராமல் விழித்தெழும் யந்திரங்கள் பல உண்டு. அவற்றின் ஆயுளை நீட்டிக்க விரும்புகிறவர்கள், அவற்றின் வயதுக்கும் பலத்துக்கும் தக்க ஒரு பழைய லினக்ஸை அவற்றில் நிறுவிப் பார்ப்பது வழக்கம். நிறுவும் காரியம் பெரும்பாலும் விக்கினமின்றி முடிந்துவிடும், திரை ஒளிரும், விசைப்பலகை சொன்னபடி கேட்கும், மவுஸ் மட்டும் அசையாது. சாம்பல் நிறத்தில் நுண்ணிய புள்ளிகள் நெய்ததுபோல் தோன்றும் ‘எக்ஸ்’ என்னும் வரைகலை அமைப்பின் அந்தப் பழைய திரையின் நட்டநடுவில், பெருக்கல் குறி வடிவில் ஒரு கறுப்புச் சுட்டி நின்றது நின்றபடியே இருக்கும். இதைக் கண்டு மனம் சலித்து, யந்திரத்தையே காயலான் கடைக்கு அனுப்பிவிட்டவர்கள் அநேகர். அது அநியாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கையின் அசைவு திரையை எட்டுவதற்குள் கடந்தாக வேண்டிய படிகள் நாலைந்து உண்டு. அவற்றுள் ஏதோ ஒன்றில்தான் தடை இருக்கிறது. எந்தப் படி என்று கண்டுகொள்வது பள்ளி மாணவனுக்கும் கைகூடக்கூடிய காரியம்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் நேற்று வந்த விருந்தாளியல்ல. ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய இந்த இயங்குதளத்தை, சென்னையிலும் பிற ஊர்களிலும் ஆர்வலர்கள் தாமாகவே கற்றுப் பரப்பிவந்த நிலையில், 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைத் தன் அலுவலகத்திலேயே கைக்கொண்டு, அரசுத் துறைகளிலும் பள்ளிகளிலும் அதைப் புகுத்தப் பெரும் பிரயத்தனம் செய்தது. அதே 2007-இல்தான் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை, டெபியனை ஆதாரமாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் பாரத இயங்குதளத்தை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இடம்பெற்றிருந்தது. ஆகவே இக்கடற்கரையிலும் லினக்ஸைத் தொட்டுப் பார்த்த கைகள் பல உண்டு. அதன் உள்ளே நடப்பதை எடுத்துச் சொல்வாரே அரிது.

முதலில் மவுஸ் என்னும் உபகரணத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவரின் யோசனைப்படி 1964-இல் பில் இங்கிலீஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ், கைக்கடக்கமான ஒரு மரப்பெட்டி. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள் இருந்தன. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பர்ட் அதை உலகறிய இயக்கிக் காட்டினார். பின்னாளில் சக்கரங்களின் ஸ்தானத்தில் ரப்பர் பூசிய ஒரு கனத்த உருண்டை வந்தது. உருண்டை உருளும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரு சிறு உருளைகள் சுழலும். ஒன்று இட வல அசைவுக்கு, மற்றொன்று முன் பின் அசைவுக்கு. ஒவ்வோர் உருளையின் முனையிலும் விளிம்பெல்லாம் பிளவுகள் கொண்ட ஒரு வட்டத் தகடு; தகட்டின் ஒருபுறம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு விளக்கு, மறுபுறம் இரண்டு ஒளியுணரிகள். தகடு சுழலச் சுழல ஒளி விட்டுவிட்டு விழும். அந்தத் துடிப்புகளின் எண்ணிக்கை தூரத்தைச் சொல்லும். திசையைச் சொல்வதற்காகவே உணரிகள் இரண்டு வைக்கப்பட்டன: அவை ஒரு பிளவிலிருந்து அடுத்த பிளவு வரையுள்ள தூரத்தில் கால் பங்கு விலகி நிற்பதால், எது முந்தி ஒளியைக் காண்கிறது என்பதிலிருந்து தகடு வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பது விளங்கிவிடும். இத்துணை எளிய உபாயத்தால் இவ்வளவு நுட்பமான காரியம் நடப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆனந்தம் பெருகுகிறது.

இவ்விடத்தில் ஒன்றை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். தான் எங்கே இருக்கிறது என்பது மவுஸுக்குத் தெரியாது. சென்ற தடவை சொன்னதிலிருந்து எவ்வளவு நகர்ந்தேன், எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்பவற்றை மட்டுமே அது ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில், 1961-இல் கடைசியாக நடந்த குளிப்பு வரையில், கல்லைக் காலில் கோத்து அடியில் இறங்கிய குளிகாரர் மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றை அசைப்பார்; மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அந்த அசைவை உணர்ந்து அவரை இழுத்தெடுப்பார். அசைவில் அர்த்தம் ஏதுமில்லை. கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட சங்கேதத்தில்தான் அர்த்தம் இருக்கிறது. மேலே இருப்பவர் வேறொரு சங்கேதத்தை மனத்தில் கொண்டிருந்தால் கயிறு நல்ல கயிறாய் இருந்தும் பயனில்லை. மவுஸின் வயரில் ஓடுவதும் இத்தகைய சங்கேதமே; இதையே நெறிமுறை என்றும் புரோட்டோகால் என்றும் சொல்கிறார்கள். பழைய லினக்ஸில் நேரும் மவுஸ் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தச் சங்கேதம் பொருந்தாமையால் விளைவதே.

ஆனால் சங்கேதத்துக்கு முன்பாகக் கயிற்றைப் பார்க்க வேண்டும் அல்லவா? பழைய கணினியின் முதுகுப்புறத்தில் மூன்று வகை வாயில்களைக் காணலாம். ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் வாயில் மிகப் பழையது. அதில் மவுஸுக்கென்று தனி மின்சார வழி கிடையாது. செய்திக்காக ஏற்பட்ட கம்பிகளிலிருந்தே மவுஸ் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, விநாடிக்கு 1200 பிட் வேகத்தில், சுமார் 40 செய்திகளை அனுப்பும். அடுத்தது 1987-இல் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் கொண்டுவந்த வட்டமான ஆறு ஊசி வாயில். விசைப்பலகைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் வகுக்கப்பட்டது பின்னால். மூன்றாவது, எல்லோரும் அறிந்த யுஎஸ்பி. சந்தையில் கிடைக்கும் யுஎஸ்பி மவுஸ் ஒன்றை வாங்கி, அதன் முனையில் ஒரு பச்சை மாற்றியை மாட்டி, பழைய வட்ட வாயிலில் செருகிவிட்டு, லினக்ஸ் அதை ஏற்கவில்லையே என்று நொந்துகொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாற்றிக்குள் புத்தி ஏதும் கிடையாது, வெறும் கம்பிகளே உண்டு. இரண்டு சங்கேதங்களையும் அறிந்த சில்லு மவுஸுக்குள் இருந்தால்தான் அது பயன்படும். ஒரு காலத்து மவுஸ்களில் அத்தகைய சில்லு சாதாரணமாக இருந்தது. இப்போது விற்பனவற்றில் பெரும்பாலும் இல்லை.

நம் கடற்கரைக்கே உரிய மற்றொரு சங்கடமும் உண்டு. உப்பளக் காற்று உலோகத்தை விடாது. ஆண்டுக்கணக்கில் மூடிவைத்த கணினியின் பிஎஸ்/2 முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், ஊசிகளின் அடியில் பச்சையாகவோ வெண்மையாகவோ களிம்பு ஏறியிருப்பது தெரியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே சில மவுஸ்கள் உயிர்பெற்றுவிடும். உருண்டை மவுஸாக இருந்தால் அடிமூடியைத் திருகி உருண்டையை வெளியே எடுக்க வேண்டும். உருளைகளின் நடுவில், உருண்டை தொடும் இடத்தில் மட்டும், கறுத்த அழுக்கு ஒரு வளையமாக இறுகியிருக்கும். கைவேர்வையும் தூசும் ஈரம் இழுக்கும் உப்பும் சேர்ந்து கெட்டியான அதை நகத்தாலோ பல்குத்தும் குச்சியாலோ சுரண்டி எடுக்கலாம். 1999-க்குப் பின் பரவிய ஒளி மவுஸில் இந்த வேலை இல்லை; அது மேசைப்பரப்பை விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டால் அசைவைக் கணிக்கிறது. ஆனால் நம் அலுவலக மேசைகளின்மேல் கண்ணாடி போட்டு, அடியில் சாமி படமும் காலண்டரும் வைக்கும் பழக்கம் அதற்கு ஆகாது. கண்ணாடியில் அதன் கண்ணுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரு தாளை விரித்து அதன்மேல் வைத்தால் போதும்.

உடம்பு சுத்தமாயிற்று; இனி உள்ளே செல்வோம். யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸில் உபகரணங்கள் பெரும்பாலும் கோப்புகளாகவே காட்சி தருகின்றன. ‘டெவ்’ என்னும் அடைவுக்குள் சீரியல் வாயிலுக்கு ‘டிடிஒய்எஸ்0’ என்றும், பிஎஸ்/2 மவுஸுக்கு ‘பிஎஸ்ஆக்ஸ்’ என்றும் பெயர்கள் இருக்கும். ‘மவுஸ்’ என்னும் பெயரில் இருப்பது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைச் சுட்டும் இணைப்பே. இணைப்பு சீரியல் வாயிலைச் சுட்ட, மவுஸோ பச்சை வாயிலில் செருகியிருந்தால், சுட்டி எவ்வாறு அசையும்? பழைய லினக்ஸ் நிறுவல்களில் இது அடிக்கடி நேரும் பிழை. இதைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் அழுத்திக் கறுப்புத் திரைக்கு வந்து, முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்து, பிஎஸ்ஆக்ஸ் கோப்பை ‘கேட்’ கட்டளையால் படிக்கச் சொல்லிவிட்டு மவுஸை ஆட்டினால், அர்த்தமற்ற எழுத்துகள் திரையில் பொழியும். அவை பொழிந்தால் வயரும் வாயிலும், லினக்ஸின் கருவாகிய கெர்னலும் நலமாயிருக்கின்றன என்று நிச்சயித்துக்கொள்ளலாம்.

அந்த எழுத்துகளை எண்களாக மாற்றிக் காட்டும் ‘ஓடி’ என்னும் சிறு நிரலின் வழியே பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பழைய பிஎஸ்/2 சங்கேதத்தில் ஒரு செய்திக்கு மூன்று பைட்டுகள். இடப் பொத்தானை அழுத்தினால் 9, 0, 0 என்று வரும். விட்டால் 8, 0, 0. வலப் பொத்தானுக்கு 10, நடுப் பொத்தானுக்கு 12. மவுஸை வலப்புறம் ஐந்து அலகு நகர்த்தினால் 8, 5, 0. இடப்புறம் அதே தூரம் நகர்த்தினால் 24, 251, 0. முதல் பைட்டில் பொத்தான்களும் திசைக்குறிகளும் அடங்கும். இரண்டாவது இட வல அசைவு. மூன்றாவது முன் பின் அசைவு. முதல் பைட்டில் 8 என்னும் மதிப்புள்ள பிட் மட்டும் எப்போதும் எழுந்தே நிற்கும்; செய்தியின் தலை எது என்பதற்கு அதுவே அடையாளம். நம் கைவிரல் அசைவு இவ்வாறு எண்ணாக மாறி நம் கண்முன்னே ஓடுவதைப் பார்த்த மாணவன் கணினியை மந்திரப்பெட்டி என்று ஒருநாளும் நினைக்கமாட்டான். எழுத்துகள் ஒன்றுமே வராவிட்டால் ‘பிராக்’ அடைவிலுள்ள ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பைப் பார்க்க வேண்டும். உபகரணம் கணினியைக் கூப்பிடும் குறுக்கீடுகளில் பிஎஸ்/2 மவுஸுக்கு உரியது 12-ஆம் எண். மவுஸை ஆட்டும்தோறும் அதன் எதிரே உள்ள எண்ணிக்கை ஏற வேண்டும். அந்த வரியே இல்லையென்றால், கணினி விழிக்கையில் முதலில் ஓடும் பயாஸின் அமைப்பில் மவுஸ் வாயில் அணைத்து வைக்கப்பட்டிருக்கக்கூடும்.

பைட்டுகள் ஒழுங்காக வந்தும் வரைகலைத் திரையில் சுட்டி பித்துப்பிடித்ததுபோல் மூலைக்கு மூலை பாய்ந்து, யாரும் அழுத்தாமலே பட்டிகள் விரிந்து மூடினால், அங்கேதான் சங்கேதப் பிழை இருக்கிறது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நடுவில் சக்கரம் வைத்த இன்டெல்லிமவுஸை வெளியிட்டபோது, சக்கரத்தின் அசைவைச் சொல்ல நான்காவது பைட் ஒன்று தேவைப்பட்டது. ஆனால் மூன்று பைட்டுகளையே எதிர்பார்த்த பழைய கணினிகளுக்கு நான்கை அனுப்பினால் குழப்பம் விளையும். ஆகையால், மவுஸ் எப்போதும் மூன்று பைட்டுகளோடுதான் விழிக்கும். கணினி அதனிடம் ‘விநாடிக்கு 200 தடவை செய்தி சொல், 100 தடவை சொல், 80 தடவை சொல்’ என்று அடுத்தடுத்துக் கட்டளையிட்டு, பின் ‘நீ யார்?’ என்று கேட்டால், சக்கரம் உள்ள மவுஸ் 0 என்னும் வழக்கமான விடைக்குப் பதிலாக 3 என்று விடை கூறி, அதுமுதல் நான்கு பைட்டுகளாக அனுப்பத் தொடங்கும். இந்த மூன்று எண்களும் அந்த வரிசையில் தற்செயலாக வர வாய்ப்பில்லை என்பதால் அதையே இரகசியத் திறவுகோலாக்கிய பொறியாளர்களின் சாமர்த்தியம் பாராட்டத்தக்கது.

இனி, அனுப்புவது நான்கும் படிப்பது மூன்றுமாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு செய்தியின் வால் அடுத்த செய்தியின் தலையாகப் படிக்கப்படும். ‘வலப்புறம் ஒன்பது அலகு நகர்ந்தேன்’ என்று மவுஸ் சொன்னதில் உள்ள 9, ‘இடப் பொத்தான் அழுந்தியது’ என்று கொள்ளப்படும். திரையில் நடக்கும் கூத்துக்கு இதுவே காரணம். பரிகாரமும் எளிது. எக்ஸின் பழைய வடிவமான எக்ஸ்ஃப்ரீ86 காலத்து லினக்ஸில், ‘எட்ஸி’ அடைவின் ‘எக்ஸ்11’ உள்ளடைவில் எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்னும் கோப்பு இருக்கும். மூன்றாம் பதிப்பில் ‘பாயின்டர்’ என்ற பகுதியிலும், 2000-இல் வந்த நான்காம் பதிப்பில் ‘இன்புட்டிவைஸ்’ என்ற பகுதியிலும், மவுஸின் கோப்பையும் நெறிமுறையையும் குறிக்கும் இரு வரிகளைக் காணலாம். சக்கர மவுஸுக்கு நெறிமுறை ‘ஐஎம்பிஎஸ்/2’, சக்கரமில்லாததற்கு ‘பிஎஸ்/2’, பழைய சீரியல் மவுஸுக்குப் பெரும்பாலும் ‘மைக்ரோசாஃப்ட்’. சக்கரம் பயன்பட வேண்டுமானால், அதன் அசைவைக் குறிக்கும் இசட் அச்சை 4, 5 என்னும் பொத்தான்களாகக் கொள்ளும்படி மற்றொரு வரியும் வேண்டும். திருத்துமுன் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்துவைப்பது விவேகம்.

கறுப்புத் திரையில் மவுஸை இயக்கும் ‘ஜிபிஎம்’ என்னும் பணிநிரலும் சிலபோது இடையூறு செய்வதுண்டு. அதுவும் எக்ஸும் ஒரே கோப்பை ஒருசேரப் படித்தால் பைட்டுகள் இருவருக்கும் பங்குபோய், எவருக்கும் முழுச்செய்தி கிட்டாது. ஜிபிஎம்மை நிறுத்தினால் தீர்ந்தது. இரண்டு கணினிகளுக்கு ஒரே மவுஸைப் பகிர்ந்துவைக்கும் மாற்றுப்பெட்டி இருந்தாலும் இதே கூத்து நேரலாம். மற்றக் கணினியின் பக்கம் போய்த் திரும்புகையில் மவுஸ் மூன்று பைட்டுக்கு மீண்டிருக்கும், கணினியோ நான்கை எதிர்பார்த்திருக்கும்.

2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னல் இந்தச் சிரமங்களுக்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. மவுஸ் பிஎஸ்/2 வாயிலில் இருந்தாலும் யுஎஸ்பியில் இருந்தாலும், எந்தச் சங்கேதத்தில் பேசினாலும், கெர்னலே அதைப் புரிந்துகொண்டு, ‘இன்புட்’ உள்ளடைவில் ‘மைஸ்’ என்னும் ஒரே கோப்பின் வழியாக, படிக்கும் நிரல் கேட்ட நெறிமுறையிலேயே தருகிறது. 2.4 கெர்னலிலும் யுஎஸ்பி மவுஸ்களுக்கு இக்கோப்பு உண்டு. அதற்குரிய கெர்னல் கூறுகள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பின்னர் 2007-க்குமேல் எக்ஸ் சேவையகம் உபகரணங்களைத் தானே கண்டுகொள்ளத் தொடங்கியபின், அமைப்புக் கோப்பையே தேட வேண்டியதில்லாமற்போயிற்று. எனினும் பழைய சங்கேதம் மறைந்துவிடவில்லை; பத்தாண்டுகளுக்கு முந்திய மடிக்கணினிகள் பலவற்றில் விரலால் தடவும் அந்தத் தொடுபலகை, உள்ளுக்குள் பிஎஸ்/2 வழியாகவே பேசுகிறது.

ஆதலின் பள்ளி ஆய்வகங்களின் சாவியை வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது: ஒதுக்கிவைத்த கணினிகளைக் கழித்துவிடுமுன் ஒன்றையேனும் மாணவர்கள் கையில் கொடுங்கள். முனையைத் துடைத்து, கோப்பைப் படித்து, எண்களைப் பார்த்து, நெறிமுறையைத் திருத்தி அவர்களே மவுஸை அசைய வைக்கட்டும். ஒரு பாடவேளையில் முடிகிற காரியம். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும்: யுஎஸ்பி முனையைப் போல் அந்தப் பச்சை முனையைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றவோ செருகவோ கூடாது; தாய்ப்பலகையின் மவுஸ் வாயில் நிரந்தரமாகப் பழுதாகக்கூடும். சுவிட்சை அணைத்துவிட்டுச் செருகச் சொல்லுங்கள்.